இரண்டு குழாயில் ஒரே ரத்தம்

ஆய்வகத்துப் பெண் என்னை ஏதோ திருட வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“ரெண்டு குழாயிலயும் ஒரே ஆளோட ரத்தம்தான் இருக்கு. உங்க தங்கச்சிக்கு ஊசின்னா பயமா? அவங்களுக்குப் பதிலா நீங்களே ரெண்டு தடவை குடுத்துட்டீங்களா?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னிடம் துணி தைக்கக் கொடுப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

“ஏம்மா, குத்தினதே நீதானே? இந்தக் கை வேற, அந்தக் கை வேறன்னு அன்னைக்குத் தெரியலையா?” என்று போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற குச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

குச்சி என் தங்கை. பத்து நிமிடம் எனக்கு இளையவள். அந்தப் பத்து நிமிடத்துக்காக என்னை அக்கா என்று கூப்பிட முடியாது என்று நாற்பத்தாறு வருடமாகப் பிடிவாதம் பிடிப்பவள். நாங்கள் இரட்டையர் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் நாலு விரல் உயரம் கூட. அவள் தபால்காரி, சைக்கிளில் ஊரெல்லாம் சுற்றி, கறுத்து வற்றி, கண்ணோரமெல்லாம் சுருக்கம் விழுந்தவள். நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே வெளுத்துப் பருத்தவள். பிரசவம் பார்த்த நர்ஸ் எங்களைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்காது, இது வேற ரகம், அது வேற ரகம்” என்று சொன்னாளாம். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “பெரியவ வயித்துக்குள்ளயே தங்கச்சி பங்கையும் சேர்த்துத் தின்னுட்டு வந்தவ” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்று இருக்கும்.

என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம், ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு கட்டிப் போட்டதுபோல் கிடப்பேன். முகம் வீங்கி, கால் வீங்கி, என் செருப்பே எனக்குச் சேராது. குச்சிதான், “என்னோடத ஒண்ணு எடுத்துக்கோடி” என்று ஆரம்பித்தாள். கூடப்பிறந்தவர்களானாலும் முழுக்கப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான் என்றார் டாக்டர். மருத்துவமனைப் படிவத்தில், ‘ஒரே கருவில் பிறந்த இரட்டையரா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. பேனாவை அழுத்தி ‘இல்லை’ என்று எழுதியவள் நான்தான்.

மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை ஆய்வகத்துப் பெண் எங்கள் அடையாள அட்டையை வாங்கி, முகத்தை ஏற இறங்கப் பார்த்து, ஒவ்வொரு குழாயிலும் எங்கள் எதிரிலேயே சீட்டு ஒட்டினாள். ஒரு வாரம் கழித்து டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“தப்பு ஆய்வகத்துமேல இல்லை, உங்க படிவத்துமேல. நீங்க ரெண்டு பேரும் ஒரே கரு. ரெண்டாப் பிரிஞ்சு பிறந்தவங்க.”

“எங்க மூஞ்சியைப் பார்த்துமா சொல்றீங்க, டாக்டர்?” என்றாள் குச்சி.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பெரும்பாலும் இரண்டு பேருக்கும் நஞ்சுக்கொடி ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதில் ஒருத்திக்கு நிறைய இடமும் இன்னொருத்திக்குக் கொஞ்சம் இடமும் கிடைத்திருக்கலாம். அப்படியானால் பிறக்கும்போதே ஒன்று பெரிசாக, ஒன்று சிறிசாகத்தான் இருக்கும். மீதி வித்தியாசம் வெயிலும் சாப்பாடும் வேலையும் வியாதியும் செய்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருவருக்கும் நான்தான் துணி தைக்கிறேன். உயரம் வேறு, சுற்றளவு வேறு. ஆனால் இடது தோளை மட்டும் இருவருக்குமே அரை விரல் இறக்கித்தான் வெட்டுவேன். இத்தனை வருடம் அளவு எடுத்த எனக்கு அது எதனால் என்று யோசிக்கத் தோன்றவில்லை. ஒரே துணியில் வெட்டிய இரண்டு சட்டையில் ஒன்றை அலமாரியிலும் ஒன்றை வெயிலிலும் போட்டால் வேறு வேறாகத்தானே தெரியும்!

“இதைவிடப் பொருத்தம் கிடைக்கவே கிடைக்காது. உங்க உடம்பு அதை வேத்தாளா நினைக்காது” என்றார் டாக்டர்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“வேண்டாம் டாக்டர்” என்றேன். “அப்ப அம்மா சொன்னது நெசந்தானே? அங்கேயே இவ பங்கைத் தின்னுட்டேன். இப்ப மறுபடியும் இவகிட்டயே கை நீட்டுறதா? மெஷின்லயே கிடந்து போறேன்.”

குச்சி என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போயிருந்தது.

“அம்மா விளையாட்டுக்குச் சொன்னதை இத்தனை வருஷமா நெஞ்சுல வச்சிருந்தியா? லூசு! ஒரே அறைக்குள்ள நெருக்கியடிச்சுக் கிடந்தோம். அங்க எனக்குத் துணைக்கு இருந்தது நீ ஒருத்திதான். நீ போயிட்டா என்னை மாதிரி இன்னொருத்திக்கு நான் எங்கடி போவேன்? பேசாம கையெழுத்துப் போடு.”

போட்டேன். கண்ணீரில் எழுத்து தெரியவில்லை, கோணலாகத்தான் விழுந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து ஆறாம் நாள் காலை, நர்ஸ் என்னை மெல்ல நடத்திக் குளியலறை வாசலில் விட்டாள். அங்கே, எனக்கு நேர் எதிரே, தலையில் பச்சைத் தொப்பியும் ஒட்டிய கன்னமுமாகக் குச்சி நின்றுகொண்டிருந்தாள். தனக்கும் வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறது என்ற நினைப்பு கொஞ்சமாவது இருக்கிறதா இவளுக்கு! எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஏய், உன்னை யாருடி தனியா எந்திரிச்சு வரச் சொன்னது? போய்ப் படு!”

அவளும் அதே நேரத்தில் என்னைப் பார்த்து வாயைத் திறந்து கத்தினாள். சத்தம் மட்டும் ஒன்றுதான் வந்தது.

கழுவும் தொட்டிக்கு மேல் இருந்தது கண்ணாடி. ஒன்றரை வருட வீக்கம் வடிந்து, அதற்கு அடியில் வியாதியில் கறுத்து மெலிந்துபோயிருந்த என் முகம் வெளியே வந்திருந்தது. அவளுடைய கன்னம், அவளுடைய தாடை. தொட்டுப் பார்த்தேன்.

பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. “காலங்காத்தால யாரைடி திட்டிக்கிட்டு இருக்கே?”

“உன்னைத்தாண்டி” என்றேன். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணாடியில் இருந்தவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.