பிரிபடாத பங்கு

கிண்ணியாவில் மேசன் வேலை செய்து 'மஜீத் பாஸ்' என்று பெயரெடுத்த அப்துல் மஜீத், மூத்த மகள் ஸல்ஹாவுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டடி குறைந்தார். காலையில் திருகோணமலைக்கு பஸ் ஏறும்போது ஆறடி. பின்னேரம் பாலத்தடியில் இறங்கும்போது நாலடி. கூட வந்தவர்கள் சாட்சி. காலில் சிக்கிய சாரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வீடு போய்ச் சேர்ந்தார். ஊரில் இதை யாரும் பெரிய கதையாக்கவில்லை. இந்தப் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பது. வீடு கொடுத்த வாப்பாமார் எல்லாருமே கொஞ்சம் குறைந்துதான் திரிந்தார்கள். மஜீத் பாஸின் விசயத்தில் அது அளக்கக்கூடியதாக இருந்தது, அவ்வளவுதான்.

பிழை அவருடையதுதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நொத்தாரிசு கனகசுந்தரம் வீட்டு உறுதிப் பத்திரத்தை எழுத முன்பே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "மஜீத் நானா, சீவிய உரித்து வைப்பமே? உயிரோட இருக்குமட்டும் அந்த வீட்டில நீங்கள் இருக்கிற உரிமை. கனபேர் வைக்கிறவை." மஜீத் பாஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. "புள்ளைக்குக் குடுக்கிற வீட்டில எனக்கு என்னத்துக்கு, சேர், ஒரு பூட்டு? குடுத்தா குடுத்ததுதான்" என்றார். மனைவி மௌத்தான பிறகு மூன்று பெண்களுக்கும் தானே சோறாக்கி, தலை இழுத்துப் பின்னி, பாடசாலைக்கு அனுப்பிய மனிதர் அவர். தன் பாசத்துக்கு ஒரு நிபந்தனை எழுதி வைப்பது அவருக்கு வெட்கக்கேடாகப் பட்டது. வீம்பு என்றாலும் சரிதான்.

பிறகு நாலடி உயரத்தோடு, கதிரையில் ஏறி நின்று கல் வைத்து, ஸல்ஹாவின் வளவுக்கு அடுத்த காணியில் இன்னொரு வீடு கட்டினார். ஐந்து வருசத்தில் அது நடு மகள் றுக்கியாவுக்குப் போனது. நொத்தாரிசு அதே கேள்வியைக் கேட்டார், அதே பதில் வந்தது, இரண்டடி ஆளாக பஸ்ஸில் இருந்து இறக்கிவிடப்பட்டார். மூன்றாவது வீட்டை சிமெந்து வாளிக்குள் நின்றுதான் கட்டினார். கூலிக்கு வந்தவர்கள் வாளியைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்க, அவர் உள்ளே நின்றபடி மட்டம் பார்த்து ஏசுவார். சுவர் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கடைசி மகள் ஜுமானா அவருடைய சாரங்களை மூன்றாக வெட்டித் தைத்துக் கொடுத்தாள். மிஞ்சிய துணியில் தலையணை உறை தைத்தாள்.

ஜுமானாவுக்கு மூதூரில் ரிஷாத் என்ற மாப்பிள்ளை பேசி முடிவானது. துறைமுகத்தில் வேலை, நல்ல பொடியன். ஆறில் இரண்டு போனால் நாலு, நாலில் இரண்டு போனால் இரண்டு. அதற்கு அடுத்ததை வீட்டில் எல்லாரும் மனதுக்குள்தான் கழித்துப் பார்த்தார்கள். மஜீத் பாஸ் மட்டும் உறுதி எழுத நாள் பார்த்தார். வீடே வேண்டாம் என்று ரிஷாத் சொல்லிப் பார்த்தான். சீவிய உரித்தையாவது இப்போது வையுங்கள் என்று கனகசுந்தரம் ஆளனுப்பினார். "மூத்த ரெண்டு பேருக்கும் முழுசாக் குடுத்திட்டு, சின்னவளுக்கு மட்டும் ஓட்டையோட குடுக்கிறதா?" என்று கத்தினார் மஜீத் பாஸ். "உங்கள முழுங்கின வீட்டில நான் எப்பிடி வாப்பா குடியிருக்கிற?" என்று ஜுமானா அழுதாள். எட்டு மாதம் கலியாணம் அப்படியே நின்றது. அந்த எட்டு மாதமும் அவள் வாப்பாவைக் கண்ணுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

பிறகு ஒருநாள் அவளே அவரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நொத்தாரிசின் கந்தோருக்குப் போனாள். அக்காமார் இருவரும் கூடவே போனார்கள். "சேர், வீட்டோட கிணத்த எழுதுறீங்க, ஏழு தென்னைய எழுதுறீங்க. வாப்பாவையும் சேத்து எழுதுங்க" என்றாள்.

"ஆளை உறுதியில எழுத ஏலாது பிள்ளை."

"கட்டின வீட்ட எழுதலாம், அதக் கட்டின மனுசன எழுத ஏலாதா?"

நாற்பது வருசம் நொத்தாரிசாக இருந்த கனகசுந்தரம் அலுமாரியைத் திறந்து சட்டப் புத்தகங்களைப் புரட்டினார். ஏலாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பேனையை எடுத்தார். உடனே ஸல்ஹா எழும்பினாள். "அதென்ன, அவளுக்கு மட்டுமா வாப்பா?" றுக்கியாவும் சேர்ந்துகொண்டாள். வீட்டுக்காகவோ காணிக்காகவோ ஒரு சொல் உரத்துப் பேசாத மூன்று பெண்களும் அன்று கந்தோர் அதிரச் சண்டை பிடித்தார்கள். மேசையில் முத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மஜீத் பாஸ் அதைக் கேட்டுக் கேட்டு அழுதார். தான் இவ்வளவு பெறுமதி என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

கடைசியில் இப்படி எழுதப்பட்டது: வீடு, வளவு, கிணறு, தென்னை ஏழும் ஜுமானாவுக்கு; மேற்படி அப்துல் மஜீத் மூன்று மகள்மாருக்கும் பிரிபடாத சம பங்கில். அவர் பேனையை இரண்டு கையாலும் பிடித்துக் கையெழுத்து வைத்தார். பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்தபோது ஒரு சாண் மிஞ்சியிருந்தார். கனகசுந்தரம் அடிமட்டத்தை எடுத்து அளந்தார். ஒன்பது அங்குலம், ஆளுக்கு மூன்று.

காணிப் பதிவகம் மறுப்பில்லாமல் பதிந்தது. அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது. மஜீத் பாஸ் இப்போது சுவர் வெடிப்புகளுக்குள் போய்ப் பார்த்து, எங்கே கலவை பிழை என்று உள்ளே இருந்து சத்தம் போடுகிறார். ஊரில் அவருக்கு முன்னைவிட வேலை கூட. பிரிபடாத பங்கு என்றபடியால் மூவரும் சம்மதிக்காமல் அவரை ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் மகள்மார் மூவரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டபடி, இந்தக் கிழமை வாப்பா யார் வீட்டில் என்று வாதாடுகிறார்கள். பங்கைப் பிரித்துத் தரச் சொல்லி இன்றுவரை ஒருத்தியும் வழக்குப் போடவில்லை.