பிளாஸ்டிக்கில் ஏறிய துரு

குன்னூரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவருக்கு மழையைப் போல நல்ல கூட்டாளி கிடையாது. ஆடியில் அடித்த வெள்ளை ஆவணிக்குள் பச்சையாகிவிடும். ஒரு வருஷம் ஈரம் எவ்வளவு முற்றிப்போனதென்றால், கடைக்கு எதிரே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் சீட்டில் காளான் முளைத்து, வண்டிக்காரர் அதைப் பறித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அப்பேர்ப்பட்ட ஊரில் "பத்து வருஷத்துக்கு அசையாதுங்க" என்று சொல்லியே சிவகுரு டப்பா டப்பாவாக விற்றார். பகலெல்லாம் பழசைப் புதுசாக்கச் சரக்கு விற்கும் அந்த மனுஷர், சாயங்காலம் கடையைச் சாத்தியதும் வீட்டு மாடி அறைக்கு ஏறிப் புதுசைப் பழசாக்க உட்கார்ந்துவிடுவார்.

அவர் பழசாக்கியது பொம்மை ரயில் பெட்டிகளை. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். வாங்கும்போது நீலமும் வெண்மஞ்சளுமாகச் சீர்வரிசைத் தாம்பாளம் மாதிரி பளபளக்கும். அந்தப் பளபளப்பு சிவகுருவுக்கு ஆகாது. கறுப்புப் பெயிண்டைத் தண்ணீர் மாதிரி கரைத்து மேலே ஓடவிடுவார். இடுக்கிலெல்லாம் அழுக்கு போய் உட்காரும். பிய்த்த ஸ்பாஞ்சு நுனியால் பழுப்பை ஒற்றி ஒற்றித் துரு வைப்பார். துருவிலிருந்து மழைத்தண்ணீர் வழிந்த தாரையை நாலு மயிர்த் தூரிகையால் கீழே இழுப்பார். கூரைக்கு வெந்நீர் பாய்லரின் கரி. படிக்கட்டுக்கு அருவங்காட்டுச் செம்மண். கடைசியில் ஒன்றும் உதிராமலிருக்க, பளபளக்காத வார்னிஷ் ஒரு பூச்சு.

அந்தத் துருவின் யோக்கியதை இப்படி: ஒருநாள் அறையைக் கூட்டப் போன அவர் மனைவி சுகந்திக்குப் பெட்டியின் ஓரம் கையில் கீறிவிட்டது. அவள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். பெட்டி முழுக்கப் பிளாஸ்டிக். கீறின இடத்தில் குண்டூசி அளவு இரும்புகூடக் கிடையாது. இருந்தும், கையோடு அவள் கொண்டுபோயிருந்த பெட்டியை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, உடனே வந்தீங்க" என்றார்.

அந்த ஊசி வலியோடுதான் அறைப் பேச்சு வந்தது.

"ஏனுங்க, அந்த ரூமை எனக்குக் குடுத்துருங்க. என்ற தையல் மிஷினு சமையல்கட்டுல கிடக்குது. தெச்ச ரவிக்கையில எல்லாம் தாளிச்ச வாசம் அடிக்குதுன்னு சொல்றாங்க."

"ஊட்டியில ஓட்டல் கட்டியிருக்காரில்ல வசந்தகுமாரு, அவரு கேட்டிருக்கறாரு. முன்னால ஹால்ல மலை, டனலு, டேசன் எல்லாம் வெச்சு ரயிலு ஓடோணுமாம். அம்பது வருஷத்துப் பழைய ரயிலாட்டத் தெரியோணுமாம்."

"நீங்க பண்றதைக் காசு குடுத்துக் கேக்கறதுக்கும் ஒருத்தரு இருக்கறாரா?"

"ஒருத்தரு இருக்கறாரு பாத்துக்க."

சுகந்தி கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஓட்டல் தொறக்கற அன்னைக்கு அந்த ரயிலு ஓடுச்சுன்னா ரூமு உங்களுக்கு. அப்பறம் நான் வாயே தொறக்கமாட்டேன். ஓடலைன்னா மறுநாள் காலையில மிஷினு மேல ஏறும். உங்க பெட்டியெல்லாம் கட்டிலுக்கு அடியில."

சிவகுரு ஒப்புக்கொண்டார். ரயில் என்றால் ஓடும்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

திறப்புவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலின் நடுவில் மலை நின்றது. சரிவில் தேயிலை, உச்சியில் பஞ்சு மேகம், அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட ஸ்டேஷன். ஸ்டேஷனில் இன்ஜினும் பெட்டிகளும் அழுது வடிந்துகொண்டு நின்றன. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த கூட்டம் அதைப் பார்த்து, "ஐயோ பாவம், எத்தனை காலத்து வண்டியோ" என்றது. சிவகுருவுக்கு உச்சி குளிர்ந்தது. சுகந்தி நல்ல சேலை கட்டிக்கொண்டு, தூணோரம் நின்று, கண்ணாலேயே வீட்டு மாடி அறைக்கு ஜன்னல் திரை அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

பச்சைக்கொடி அசைக்க வசந்தகுமாரின் மாமனார் அழகர்சாமி வந்தார். ரயில்வேயில் பெட்டிகளைப் பரிசோதித்து அனுப்பும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை. ஓய்வு பெற்றும் கழற்றாத முகம். கொடியைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரயிலருகே குனிந்தார்.

"ஒரு சுத்தியல் குடுங்க."

சுத்தியல் இல்லை. டீ ஸ்பூன் கொண்டுவந்தார்கள். அழகர்சாமி காதைத் தாழ்த்தி ஒவ்வொரு சக்கரமாக ஸ்பூனால் தட்டிக்கொண்டே வந்தார். ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது ஒருத்தர் தட்டிக்கொண்டு போவாரே, அதேதான். மூன்றாவது பெட்டிக்கு வந்ததும் நின்றார். மறுபடியும் தட்டினார். டொக்கென்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடிச்சட்டத்தைப் பார்த்தார். பிறகு, அன்றைய சாப்பாட்டை எழுதிவைக்கும் கரும்பலகையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பெட்டியின் மேல் கடுகளவில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"சிக்" என்றார்.

ரயில்வேயில் ஓடத் தகுதியில்லாத பெட்டியை அப்படித்தான் சொல்வார்கள். குறி விழுந்த பெட்டி, கோளாறைச் சரிபண்ணி, குறி போட்ட ஆளே அழிக்கும்வரை நகரக்கூடாது.

சிவகுரு பக்கத்தில் போனார். "ஐயா, அது துரு இல்லீங்க. பெயிண்டு."

"பெயிண்ட்ல துருவை மறைப்பாங்க தம்பி. துருவைப் பெயிண்ட்டுன்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"நான்தானுங்க அடிச்சேன். பெயிண்டுக் கடை வெச்சிருக்கறேனுங்க."

"கடை வச்சிருக்கவரு மறைக்கத் தெரியாம விட்டுட்டீங்களே."

வசந்தகுமார் கையைப் பிசைந்தார். "மாமா, பொம்மைதானே…"

"மாப்பிள்ளை, அடிச்சட்டம் அரிச்சிருக்கு. டனலுக்குள்ள வச்சு ஒடிஞ்சா பதில் சொல்றது யாரு? நீங்களா?"

மாமனாருக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாத வசந்தகுமார் மலை உச்சியிலிருந்த பஞ்சைச் சரிசெய்யப் போய்விட்டார்.

"அப்பிடின்னா அந்த ஒரு பெட்டியை மட்டும் எடுத்துட்டு மீதியை ஓட்டலாமுங்களா?" என்று கையை நீட்டினார் சிவகுரு.

அழகர்சாமி அந்தக் கையை ஸ்பூனால் தட்டிவிட்டார். "ரயில் பெட்டியைக் கையால தூக்குறதா? எந்த ஊர் வழக்கம் இது? பக்கத்துல இன்னொரு லைன் போட்டிருந்தா அதுல தள்ளி விடலாம். போட்டிருக்கீங்களா?"

போடவில்லை. சிவகுரு தலை குனிந்தார். இன்னொரு லைன் போடாதது தப்புதான் என்று அவருக்கே பட்டது. அப்படிப் பட்டது ஏன் என்று யோசித்தார். அது மட்டும் பிடிபடவில்லை.

அப்போது தூணோரத்திலிருந்து சுகந்தி, யாரும் கேட்காமலே உண்மையைச் சொன்னாள். "எனக்கு அது கீறித்தானுங்க டி.டி. ஊசி போட்டாங்க."

"கேட்டீங்களா" என்றார் அழகர்சாமி. "டாக்டர் வரைக்கும் போயிருக்கு."

சிவகுரு எச்சில் தொட்டு, கைக்குட்டையால் துருவைத் தேய்த்துக் காட்டினார். ஒரு பொட்டுகூட வரவில்லை. வார்னிஷ் அடித்துக் கெட்டிப்படுத்தியது அவரேதான். அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை கிழிந்தது, துரு அப்படியே இருந்தது.

"பெயிண்ட்டா இருந்தா வந்திருக்கும்" என்றார் அழகர்சாமி. குரலில் குத்தலே இல்லை, பரிவுகூட இருந்தது.

அந்தப் பரிவுதான் சிவகுருவைக் குழப்பிவிட்டது. குனிந்து தன் கைவேலையைப் பார்த்தார். மூலையில் பெயிண்ட் உப்பி ஒரு கொப்புளம். இதை நாம் வைத்தோமா? வைத்த ஞாபகமில்லை. குன்னூர் மழையில் ஸ்கூட்டர் சீட்டில் காளான் முளைக்கும்போது, பிளாஸ்டிக்கில் துரு ஏறாதென்று யார் உத்தரவாதம் தரமுடியும்? தான் வைத்த துரு எது, தானே வந்த துரு எது? பார்க்கப் பார்க்க எல்லாம் தானே வந்த மாதிரியே இருந்தது.

இதற்குள் ஹால் வேறு மாதிரி ஆகியிருந்தது. ஒரு பெரியவர் வரவேற்பு மேஜையில் போய், "வண்டி எப்பங்க கிளம்பும்?" என்று கேட்டார். அங்கிருந்த பெண் ஜெனிஸ், "மூணாவது பெட்டியில கோளாறு சார், பாத்துட்டிருக்காங்க" என்றாள். அதைச் சொன்னதும், எல்லோரும் அதற்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு குடும்பம் கீழே துப்பட்டி விரித்துப் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தது. இருவருக்குள் ஜன்னலோரத்து நாற்காலிக்குத் தகராறு வந்தது. வேலாமணி என்றொரு அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "இதை நம்பினா மேட்டுப்பாளையம் போய்ச் சேர முடியாது, பஸ்ஸுக்கே போலாம் வாங்க" என்று வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போயே போய்விட்டாள். அவர்கள் ஓட்டலுக்கு வந்தது காரில்.

சிவகுரு கண்முன் தையல் மிஷின் ஒவ்வொரு படியாக மாடி ஏறிக்கொண்டிருந்தது. அவர் அழகர்சாமியின் எதிரே போய் நின்றார்.

"சரிங்க. துருன்னே வெச்சுக்கலாம். இப்ப என்ன பண்ணினா விடுவீங்க?"

"இதை முதல்லயே கேட்டிருக்கலாம்" என்று அழகர்சாமி பக்கத்தில் உட்கார்ந்தார். "அரிச்ச தகட்டை வெட்டி எடுக்கணும். புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணணும். ரிவெட் அடிக்கணும். மேல துரு பிடிக்காம ரெட் ஆக்ஸைடு பூச்சு. அப்புறம் நான் தட்டிப் பாப்பேன்."

சிவகுரு தன் பெயிண்ட் சாமான் பெட்டியைத் திறந்தார். தூரிகையை எடுத்தார். அடிச்சட்டத்துத் துருவின் மேல் சாம்பல் நிறத்தில், கை நடுங்காமல், ஒரு நீள்சதுரம் போட்டார்.

"வெட்டிட்டீங்களா?"

"வெட்டிட்டனுங்க."

"ஓரத்தைத் தேய்ங்க. பிசிறு இருக்கு."

ஓரத்தில் மெல்லிய கருங்கோடு இழுத்தார். நீள்சதுரம் தகடாக எழும்பியது. ஊசிமுனையால் புள்ளி புள்ளியாக வைத்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே நிழல் கொடுத்ததும் அது ரிவெட் ஆனது. பிறகு ஓரத்தைச் சுற்றி, வெல்டிங் சூட்டில் கன்றியது மாதிரி நீலமும் கறுப்பும் தொட்டார். தொட்டபோது துப்பட்டியில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் புருஷன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, "வெல்டிங்கை வெறுங்கண்ணுல பாக்காதீங்க, ராத்திரி கண்ணு எரியும்" என்றாள். அவரும் திரும்பிக்கொண்டார். ஆனால் அதற்குள் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, கண்ணைக் கசக்கினார்.

கடைசியில் ரெட் ஆக்ஸைடு. ஊட்டிக் குளிரில் அது காய்வதாக இல்லை. சிவகுரு வாயால் ஊதினார். ஊதியது பனியாகப் போய் அதன் மேலேயே படிந்தது. பக்கத்தில் திடீரென்று வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. சுகந்தி ஏதோ ஒரு அறையிலிருந்து தலை காயவைக்கும் மிஷினை வாங்கிவந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் புள்ள பிடிக்கற? ஓடலைன்னா ரூமு உனக்குத்தானே?"

"ரூமு வேற, இது வேறங்க. புளிசோறு தீந்தும் சனம் காத்துட்டிருக்குது. மொதல்ல வண்டியை அனுப்புங்க."

காய்ந்தது. அழகர்சாமி காதைத் தாழ்த்தினார். ஸ்பூனால் தட்டினார். முன்பு டொக்கென்று கேட்ட அதே பெட்டி, இப்போது நல்ல வெண்கலக் கும்பா மாதிரி ணங்கென்றது. அவர் கட்டைவிரலால் சாக்பீஸ் குறியை அழித்தார். அக்குளிலிருந்து கொடியை எடுத்தார். அசைக்குமுன், "புதுசா ரிப்பேர் பண்ணின பெட்டி. முதல் நடை, நடக்கிற வேகம்தான்" என்றார்.

சிவகுரு சுவிட்சை மயிரிழை திருப்பினார். ரயில் கிளம்பியது. கிளம்பியதா இல்லையா என்பதிலேயே கொஞ்ச நேரம் கருத்து வேறுபாடு இருந்தது. பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள் காபி வந்து, குடித்து, டம்ளரும் போயாயிற்று. டனலுக்குள் நுழைந்தபின் அது வெளியே வருமென்ற நம்பிக்கையைப் பலர் விட்டுவிட்டார்கள். கடைசியில் இன்ஜின் மறுபக்கம் மூக்கை நீட்டியபோது ஹாலே எழுந்து கைதட்டியது. துப்பட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெல்டிங்கோ வேறெதுவோ.

வண்டி சுற்றி வந்து ஸ்டேஷனில் நின்றது. சுகந்தி அழகர்சாமியிடம் நேராகப் போனாள்.

"ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. இது ஓடினதுல சேருமுங்களா? நத்தை இதைவிட வெரசா போகும்."

"சக்கரம் உருண்டு கிளம்புன இடத்துக்கு வந்திருச்சும்மா. எங்க கணக்குல ஓடினதுதான்."

சுகந்தி சிவகுரு பக்கம் திரும்பினாள். "ரூமை எடுத்துக்கங்க. நான் வாய் தொறக்கலை."

சிவகுருவுக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும். இருந்திருக்கும், ஆனால் அழகர்சாமி கிளம்பும்போது அவர் தோளில் கை வைத்து, "தம்பி, வேலை சுத்தம். ரெண்டாவது பெட்டியில கக்கூஸ் குழாய் ஒழுகுது, அதையும் பாத்துடுங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

சிவகுரு எந்தப் பெட்டியிலும் கக்கூஸ் வைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியும் கிடையாது. அழகர்சாமியின் கார் போகிறவரை காத்திருந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, இரண்டாவது பெட்டிக்குக் கீழே விரலை விட்டுத் தடவினார். தண்டவாளத்தின் நடுவே சொட்டுச் சொட்டாக ஈரம்.

"என்னங்க அது?" என்றாள் சுகந்தி.

அவர் விரலை நீட்டிக் காட்டினார். சுகந்தி குனிந்து, அதை முகர்ந்து பார்த்து, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"ரூமு உங்களுக்குத்தான். ஆனா இந்தப் பெட்டி மட்டும் நம்ம ஊட்டுக்கு வரக்கூடாது" என்றாள்.

சிவகுரு சரி என்றார். விரலை எங்கே துடைப்பதென்று தெரியாமல், அதை நீட்டியபடியே பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தார்.