முகத்தை அசைக்காத பாடம்

பிள்ளையைக் கொஞ்சுவதற்கும் இப்போதெல்லாம் பாஸ் பண்ண வேண்டியிருக்கிறது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலியை வரிசையாகப் போட்டு, மடியில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்தாச்சா என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. தள்ளி நின்று பார்க்கத்தான் எல்லாருக்கும் தெரிகிறது. கிட்டே வந்து தூக்க ஆள் கிடையாது. அந்த அறைக்குள் காலை வைத்ததுமே வெல்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. பட்டறை வேலையை விட்டு எவ்வளவோ காலமாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. தீப்பொறி பட்டுப் புருவம் பாதிக்குமேல் போன முகம். தகரம் அடித்த சத்தத்தில் இடது காதும் போய்விட்டது.

பிரசவம் ஆனதிலிருந்து மகள் ஒரு மாதிரியாக இருக்கிறாள். அழுகை இல்லை, சண்டை இல்லை. பால் கலக்குகிறாள், துணி மாற்றுகிறாள், குளிப்பாட்டுகிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்சல் கம்பெனியில் பெட்டிக்கு டேப் ஒட்டிய அதே கையோடு அதையெல்லாம் செய்கிறாள். முடிந்ததும் குழந்தையை வெல்டர் பக்கம் நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். மருமகன் கொஞ்ச நாள் பார்த்தான். போன வாரம் வந்து, "மாமா, பாப்பா கொஞ்ச நாள் எங்க அக்கா வீட்ல இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை அக்காவே வந்து தூக்கிக்கிறேன்னு சொல்லுது" என்றான். அந்த அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கொஞ்ச நாள் என்று சொல்லி அந்த வீட்டுக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. ஏணி போனது, டிரில் மிஷின் போனது. மகளிடம் கேட்டால் "சரி" என்றாள். சாப்பிடுறியா என்றாலும் சரி, ஃபேனை நிறுத்தட்டுமா என்றாலும் சரி. எல்லாவற்றுக்கும் அதே சரி.

தடுப்பூசி போடும் நர்ஸ்தான் இந்த இடத்தைச் சொன்னாள். தாயும் கைக்குழந்தையும் ஒட்டாமல் போனால் எப்படிக் கண்டுபிடிப்பது, அந்தக் குடும்பத்துக்கு எப்படிக் கைகொடுப்பது என்று நர்ஸுகளுக்கும் காப்பகத்து ஆயாக்களுக்கும் வகுப்பு நடக்கிறதாம். வகுப்புக்கு ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால், சொல்லிக்கொடுக்கும் டாக்டரம்மாவே பார்ப்பாராம். குழந்தை தாயிடம்தான் இருக்கவேண்டும் என்று படித்தவர் ஒருத்தர் சொல்லிவிட்டால் மருமகன் வாயை அடைத்துவிடலாம். அதற்காகத்தான் வெல்டர் பஸ் ஏறி வந்தார்.

டாக்டரம்மா மகளைக் குழந்தைக்கு எதிரே உட்காரவைத்தார். வார் போட்ட சின்ன நாற்காலியில் குழந்தை. "முதல்ல வழக்கம்போல விளையாடுங்கம்மா. நான் கையைத் தூக்கினதும் முகத்தை அப்படியே வெச்சுக்குங்க. பேச வேணாம், சிரிக்க வேணாம். குழந்தையைப் பார்த்துக்கிட்டு மட்டும் இருங்க." பிறகு வரிசையைப் பார்த்து, "நினைச்சதை எழுதாதீங்க. பார்த்ததை எழுதுங்க" என்றார்.

மகள் குழந்தையைப் பார்த்தாள். டாக்டரம்மா கை தூக்குவதற்கு முன்னால் எப்படி இருந்தாளோ, தூக்கிய பின்னாலும் அப்படியே இருந்தாள். குழந்தை டியூப்லைட்டைப் பார்த்தது. வாரைப் பிடித்துச் சப்பியது. ஒரு தடவைகூடத் தாய் முகத்தில் எதையும் தேடவில்லை, அழவும் இல்லை.

"எவ்ளோ சமத்து" என்றாள் ஓர் ஆயா, பக்கத்தில் இருந்தவளிடம்.

வெல்டருக்குப் பெருமையாக இருந்தது. தன் வளர்ப்பு. அப்புறம்தான் மற்றவர்கள் ஒருவரும் நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். டாக்டரம்மாகூட மகளின் தோளைத் தொட்டு, "நல்லது செஞ்சீங்கம்மா, அங்க உட்காருங்க" என்று மட்டும் சொன்னார். மகள் ஓரத்து நாற்காலிக்குப் போனாள்.

"ஐயா, நீங்க ஒரு தடவை உட்காருங்களேன்."

"நானா? என் மூஞ்சி எப்பவுமே இப்படித்தாம்மா. கல்யாண போட்டோலயே துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிப்பேன். இதுல அசைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

வரிசை சிரித்தது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குழந்தைக்கு எதிரே உட்கார்ந்தார். "என்னடி மேனேஜரம்மா, இன்னைக்கு ஆபீஸ் இல்லியா? இத்தனை பேரை வேலைக்கு வெச்சிருக்கியே, சம்பளம் யாரு குடுப்பா, உங்கப்பனா?" குழந்தை காலை உதறி, ஈறு தெரியச் சிரித்தது. அவர் முகத்தில் அப்படி ஒன்றும் மாறியதாக யாருக்கும் தெரியவில்லை. குழந்தைக்குத் தெரிந்தது.

கை தூக்கப்பட்டது. வெல்டர் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

குழந்தை முதலில் நம்பவில்லை. சிரித்துக் காட்டியது. அவர் அசையாததும், "ங்கா" என்று குரல் கொடுத்தது. கையை நீட்டியது, டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தது, மறுபடி அவரைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வெல்டருக்கு அப்படியே தூக்கிவிடத் தோன்றியது. ஆனால் இது பரீட்சை. முகத்தைக் கோணினால் ஃபெயில் என்று எழுதிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். குழந்தை வீறிட்டது. இடது பக்கம் நின்ற டாக்டரம்மா, "போதும் ஐயா" என்றார். இன்னொரு முறையும் சொன்னார். அந்தக் காதில் அது விழவில்லை. நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாத வேலைக்காரனாக அவர் உட்கார்ந்திருக்க, குழந்தை முகம் சிவந்து மூச்சுக்குத் திணறியது.

தோளில் ஒரு கை தட்டியது. மகள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை.

"அப்பா, போதும். அவ பயப்படுறா."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஃபேனை நிறுத்தட்டுமா என்பதற்குச் சொல்லும் அதே குரல்தான். ஆனால் பிள்ளை பிறந்ததிலிருந்து அவளாகப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது இதுதான் முதல் தடவை. வெல்டர் குழந்தையை வாரிலிருந்து பிடுங்காத குறையாக எடுத்து மார்பில் சாத்திக்கொண்டார். மகள் தூக்கவில்லை. தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல அங்கேயே நின்றாள். வரிசையில் ஒருவரும் எழுதவில்லை.

வெளியே, செருப்பு விடும் இடத்தில் டாக்டரம்மா வந்து மெதுவாகக் கேட்டார். "பார்த்தீங்களா ஐயா, உங்க பொண்ணே எழுந்து வந்தத?"

"என்னத்தப் பார்க்கிறது? பிள்ளைய அழவெச்சு அதுல ஒரு படிப்பு. ஞாயித்துக்கிழமை மருமகனோட அக்கா வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போகப்போகுது. பிள்ளை தாய்கிட்டதான் இருக்கணும்னு சொல்லுவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க."

"இன்னைக்கு ஒருநாள் பார்த்துட்டுச் சொல்ல முடியாது. உங்க பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, அது சரியாகக்கூடியதுதான். வாரா வாரம் வந்தா கூட இருந்து பார்ப்போம். ஞாயித்துக்கிழமை வர்றவங்களையும் கூட்டிட்டு வாங்க, நான் பேசுறேன்."

"பேசுவீங்க" என்றார் வெல்டர். "பேசுறதுக்கு இங்க ஆளா இல்ல."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மகள் பின்னால் வந்தாள். கேட்டைத் தாண்டும்போது, "அடுத்தது எப்ப வரச் சொன்னாங்க?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும். நான் இனி இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன். உனக்கு வேணும்னா நீ வா."

அவள் சரி என்று சொல்லவில்லை. வெயிலில் தார் ரோடு பளபளத்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் வெல்டர் வகுப்பைத் திட்டிக்கொண்டே முன்னால் நடந்தார், மகள் இரண்டடி பின்னால். தோளில் கிடந்த குழந்தை பின்பக்கமாகவே எம்பிக்கொண்டிருந்தது. பிடரியில் கையை வைத்து அமுக்கினார், அடங்கவில்லை. பின்னால் அப்படி என்னதான் தெரிகிறதோ. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் கனம் முழுவதும் பின்னால் சாய, நிலை தடுமாறாமல் இருக்க, தான் முன்னால் குனிந்துகொண்டே போனார்.