பீரோவில் பூட்டிய மெழுகுதிரி

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, பிப்ரவரி இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. கோவில் வாசலில் இன்னும் விடியவில்லை. ஏற்றிய மெழுகுதிரிகளுடன் ஊர் நின்றது. கடற்காற்று ஒவ்வொரு சுடராகத் தேடி வந்து அணைத்தது. அணைந்த திரியை அடுத்தவர் திரியில் ஏற்றிக்கொண்டார்கள்.

சுடர். காற்று. மறுபடியும் சுடர்.

குழந்தை இயேசுவைப் பெற்றோர் எருசலேம் கோவிலுக்குக் கொண்டுவந்து ஒப்புக்கொடுத்த திருநாள் அது. அன்று குருவானவர் மெழுகுதிரிகளை ஜெபம் சொல்லி மந்திரித்துக் கொடுப்பார். புயலடித்தால் அவற்றை ஏற்றுவார்கள். உயிர் பிரியும் வேளையில், பிரிகிறவர் கையில் ஏற்றிக் கொடுப்பார்கள். மற்ற நாள்களில் தொடமாட்டார்கள்.

மதலேனம்மாள் தொட்டதே இல்லை. ஆண்டுதோறும் வாங்கினாள். புதியதை வீட்டு மாடத்தில் இருந்த மாதா சுரூபத்தின் பின்னால் வைத்தாள். பழையதைத் துணியில் சுற்றிப் பீரோவில் பூட்டினாள்.

சென்ற வாரம் அவள் கணவர் தொபியாஸுக்கு மூச்சு இரைத்தது. பக்கவாதத்தில் பேச்சிழந்து, ஓணத்துக்கு முன்பிருந்தே கட்டிலில் கிடக்கிறவர். அவள் சுரூபத்தின் பின்னால் கையை விட்டாள். திரி இல்லை.

பீரோவைத் திறந்தாள். துணிக்குள் ஒரு கட்டி. எத்தனையோ கோடைகளின் வெக்கையில் திரிகள் வளைந்து, குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நூல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அவ்வளவு மெழுகு இருந்தது. ஏற்ற ஒரு முனை இல்லை.

மூச்சு தானாகவே தணிந்தது. அவள் கோபம் தணியவில்லை. சுரூபத்தின் பின்னால் இருந்த திரியை மருமகள் ஜெனிட்டா ஐப்பசி மழையில் எரித்துவிட்டாளாம். கரண்டு போன மாலையில், பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்காகவாம்.

“சாவுத் திரியில பாலு குடுத்தவ நீ!”

ஜெனிட்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் ஒன்று மட்டும் சொன்னாள். திருநாள் கழிந்ததும் பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போகிறாள். இனி வரமாட்டாள். மகன் கொச்சிப் பக்கம் விசைப்படகில் இருந்தான், தடுக்க ஆளில்லை.

மறுபடியும் திரி இல்லாமல் தவிக்கக் கூடாதென்று மதலேனம்மாள் இந்த ஆண்டு இரண்டு திரி ஏந்தி நின்றாள். பக்கத்து வீட்டுக் கார்மேலி அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா, ரெண்டு? அண்ணனுக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணா? மோட்சத்துக்கு ஜோடியா டிக்கெட் எடுக்கியோ?”

“வாய மூடிட்டு ஜெபத்தச் சொல்லு.”

நற்செய்தி வாசித்தார்கள். முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் வாங்குகிறார். வெளிச்சத்தைக் கண்டுவிட்டேன், இனி நிம்மதியாகப் போவேன் என்கிறார். இதுவரை அதை அவள் ஒரு சாவின் சொல்லாகவே கேட்டுவந்தாள். போகிறவரின் சொல். அதனால்தான் திரியும் போகிறவருக்கு என்று எண்ணினாள்.

இன்று காது வேறிடத்தில் நின்றது. குழந்தையை அவர் கையில் கொடுத்தது யார்?

தாய்தானே கொடுத்திருக்க வேண்டும். பச்சைப்பிள்ளை. அறியாத கிழவர். அவர் கை நடுங்கியிருக்காதா? பிள்ளை வீறிட்டிருக்காதா? தாய் எப்படிக் கொடுத்தாள்? கொடுத்த பிறகு தன் கையை உடனே எடுத்தாளா, கீழே தாங்கியபடியே நின்றாளா?

வெளிச்சம் என்று அந்தக் கிழவர் எதைச் சொன்னார்? திரியையா? அவர் கையில் திரி இல்லையே. பிள்ளை அல்லவா இருந்தது.

வீட்டில் அவள் பேரப்பிள்ளையை நோயாளியின் கட்டிலருகே விட்டதில்லை. ஆகாது என்றிருந்தாள். ஏன் ஆகாது? அதை அவள் தன்னிடம் கேட்டதும் இல்லை.

திரும்பி வரும்போது விடிந்திருந்தது. ஜெனிட்டா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மதலேனம்மாள் வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

“ஏட்டி, அன்னைக்குத் திரிய எதுக்குக் கொளுத்துன?”

“பிள்ளைக்குப் பாலு குடுக்க.”

“பாலு குடுக்க வெளிச்சம் எதுக்குட்டி? பிள்ளைக்கு வாய் இருக்க இடம் தெரியாதா?”

ஜெனிட்டாவின் கை பையிலேயே நின்றது.

“மாமா அழுதாவ அத்த. நீங்க ஜெபமாலைக்குப் போயிருந்திய. ஒரே இருட்டு. அவுக சத்தம் போட்டு அழுதாவ. கையில ஆம்புட்டது அதுதான், கொளுத்துனேன். பிள்ளையத் தூக்கிக் கட்டில்ல கெடத்துனேன். அது திரியப் பாத்துச்சு. மாமா அதப் பாத்தாவ. அழுக நின்னுபோச்சு.”

“இத ஏன் அன்னைக்கே சொல்லல?”

“திரி எங்கன்னுதான கேட்டிய. பிள்ளையக் கட்டில்ல போட்டேன்னு சொன்னா, அதுக்கும் ஏசுவிய.”

ஏசியிருப்பாள். அது அவளுக்கே தெரியும்.

பகல் வெளிச்சத்தில் அவள் ஒரு திரியை ஏற்றினாள். கணவரின் தலைமாட்டில் வைத்தாள். கையை நீட்டினாள். ஜெனிட்டா சற்றுத் தயங்கி, பிள்ளையைக் கொடுத்தாள். மதலேனம்மாள் அதை அவருடைய நல்ல கையில் கிடத்தினாள். தன் கையை எடுக்கவில்லை. கீழே தாங்கியபடி நின்றாள்.

பிள்ளை சுடரைப் பார்த்தது. அவர் பிள்ளையைப் பார்த்தார். கோணிய வாயின் ஒரு பக்கம் மெல்ல மேலே போயிற்று.

வெளியே ஓர் அலறல். சன்னல் வழியே சுடரைக் கண்ட கார்மேலி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“ஐயோ, தொபியாஸண்ணே! போயிட்டியளே!”

தொபியாஸ் கழுத்தைத் திருப்பி அவளை முறைத்தார். கார்மேலியின் வாய் திறந்தபடியே நின்றது. பிள்ளை வீறிட்டது.

“சத்தம் போடாதட்டி. அவுக எங்கயும் போகல.”

“பொறவு எதுக்குக்கா திரி?”

மதலேனம்மாள் மறுகையால் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தாள்.

“இருக்கும்போது பாக்கட்டும்னுதான்.”

ஜெனிட்டா சிரித்தாள்; சிரித்ததை மறைக்கத் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலைக்குள் வீட்டில் முடிவானவை இவை. மந்திரித்த திரி இனிப் பூட்டப்படாது. ஜெபவேளையில் தொபியாஸின் தலைமாட்டில் தினமும் எரியும். அவருடைய வேளை வரும்போது எஞ்சியிருப்பது எவ்வளவோ, அதுவே அவர் கைக்குப் போதும். ஜெபம் முடியும்வரை பிள்ளை அவரருகில் கிடக்கும். ஜெனிட்டா உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு தாய்வீடு போவாள். ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புவாள். அதுவரை பிள்ளையைக் கட்டிலில் கிடத்துவது அவள் பொறுப்பு. கீழே கை கொடுத்துத் தாங்குவது மதலேனம்மாளின் பொறுப்பு.