புது சென்சாரில் பழைய அழுக்கு

குனிந்தவனால் நிமிர முடியவில்லை. இடுப்புக்கு மேலே, இடது பக்கம், யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவது போலிருந்தது. பானெட் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி அப்படியே நின்றேன். முப்பத்தொரு வருஷம் எஞ்சினுக்குள் தலையை விட்டதற்கு உடம்பு கொடுக்கும் கூலி.

“என்ன தம்பி, வண்டியைக் கும்பிடுறீங்களா?” என்றாள் டாக்சிக்கார அக்கா. “கும்பிட்டெல்லாம் அந்த லைட்டு அணையாது.”

அவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட. வண்டிக்குப் பதினேழு வயது. ஊருக்கு வெளியே கல் உடைக்கும் ஆலைக்குக் காலையும் மாலையும் ஆள் ஏற்றிப் போகிறாள். இரண்டு மாதமாக ஒரே தகராறு. டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியும், மேட்டில் வண்டி மூச்சு வாங்கும். என்னிடம் கொண்டுவருவாள், சரிசெய்து அனுப்புவேன். பத்து நாளோ பன்னிரண்டு நாளோ, மறுபடி எரியும். இது நாலாவது முறை.

முதல் முறை பார்த்தது என் மச்சினன், மனைவியின் தம்பி. ஷெட்டில் வயரிங், கோளாறைக் கண்டுபிடிக்கிற ஸ்கேனர் எல்லாம் அவன் பொறுப்பு. ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, “வர்ற காத்துக்கு பெட்ரோல் பத்தலைன்னு காட்டுது மாமா. காத்தை அளக்கிற சென்சார்ல அழுக்கு, தப்பா அளக்குது” என்று அதைக் கழுவி மாட்டினான். இரண்டாம் முறை புது சென்சாரே வாங்கிக் கொடுத்தேன். அதையும் அவன்தான் மாட்டினான்.

மூன்றாம் முறை எரிந்தபோது நானே கழற்றிப் பார்த்தேன். புது சென்சார் என்றால் உள்ளே இருக்கும் முடி மாதிரிக் கம்பி பளபளவென்று இருக்க வேண்டும். இது கரேலென்று பிசுக்கேறி, பத்து வருஷம் உழைத்த சாமான் போலிருந்தது. பத்தே நாளில் எது இப்படி ஆகும்? எனக்குப் புரிந்துவிட்டது. புதுசை விற்றுத் தின்றுவிட்டுப் பழசையே மாட்டியிருக்கிறான்.

“எத்தனை நாளா நடக்குதுடா இது?” என்றேன். அக்காவும் வேறு இரண்டு வாடிக்கைக்காரர்களும் நின்றிருந்தார்கள்.

“எது மாமா?”

“திருட்டுப் பயலே, என் சோத்தைத் தின்னுட்டு என் கடையிலேயே கை வைக்கிறியா?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கையை ஓங்கினேன். தன் ஸ்கேனரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனவன் திரும்பவில்லை.

அதோடு எனக்கு ஆறவில்லை. எங்கள் தெருவில் என்னுடையதைத் தவிர ஏழு ஷெட். ஏழிலும் ஏறி இறங்கினேன். “அவனை உள்ள விடாதீங்க, சாமான் காணாமப் போகும்.” சொந்த அக்கா புருஷனே சொல்கிறான் என்றால் எவன் வேலை கொடுப்பான்? ஒருத்தனும் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து என் மனைவி என்னோடு பேசுவதில்லை. “சாப்பாடு இருக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவர் சாப்பிடாது என்பதால் நான் போய் உட்காருவேன்.

அப்புறம் இன்னொரு சென்சாரை நானே கடைக்குப் போய் வாங்கி, நானே மாட்டினேன். மாட்டுவதற்கு முன் பிளாஸ்டிக் மேல் ஊசியால் ஒரு பெருக்கல் குறி கீறினேன். இனி எவன் மாற்றுகிறான் பார்க்கலாம். லைட்டை அணைக்க ஸ்கேனர் இல்லாததால் பேட்டரி வயரை அரை மணி கழற்றி வைத்தேன். லைட் அணைந்தது. பன்னிரண்டு நாள் ஆயிற்று, இதோ எரிந்துகொண்டு வந்து நிற்கிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். பெருக்கல் குறி இருந்தது. என் கையால் கீறியது. உள்ளே கம்பியில் அதே கரும்பிசுக்கு.

குறியை விரலால் மறுபடி தடவிப் பார்த்தேன்.

“என்னாச்சு? இதையும் உங்க மச்சினன் வந்து மாத்திட்டானா?”

“சும்மா இருங்கக்கா.”

“ஏன் சும்மா இருக்கணும்? வண்டி என்னுது. அந்த அழுக்கு எங்கிருந்து வருது? அதைச் சொல்லுங்க.”

“குவாரித் தூசி. நீங்க போற ரோடு அப்படி.”

அவள் என் கையிலிருந்து சென்சாரை வாங்கி, அதன் வாய்ப்பக்கத்தைக் கட்டை விரலால் தடவி, விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள்.

“தூசி இப்படி வழுக்குமா? இது எண்ணெய். முப்பது வருஷமா அடுப்பு துடைக்கிறேன், எண்ணெய்ப் பிசுக்கு எனக்குத் தெரியாதா?”

“எஞ்சினுக்கு வயசாச்சு. ஆயில் மேல ஏறியிருக்கும். நீங்க மிதிக்கிற மிதிக்கு…”

“என் காலைக் குத்தம் சொன்னீங்கன்னா அதே காலால வேற ஷெட்டுக்குப் போயிடுவேன். அது என்ன?”

வேலை மேசையைக் கைநீட்டிக் காட்டினாள். தகரத் தட்டில் எண்ணெய். அதில் செவ்வகமாக வெட்டிய ஸ்பாஞ்ச் ஊறிக்கொண்டிருந்தது. வண்டி வந்ததுமே வழக்கம்போல ஊறப்போட்டிருந்தேன்.

“ஏர் ஃபில்டர். காகித ஃபில்டர் உங்க ரோட்டுத் தூசிக்குத் தாங்காது. அதான் நானே வெட்டிப் போட்டேன். எண்ணெயில தோய்ச்சா தூசி ஒட்டிக்கும், உள்ள போகாது. லாரியில இப்படித்தான்.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். “இதுக்கு உங்ககிட்ட ஒரு தடவைகூடக் காசு வாங்கல.”

“எப்பலேர்ந்து போடுறீங்க?”

“நீங்க குவாரிக்கு ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து.”

“லைட்டும் அப்பலேர்ந்துதானே எரியுது?”

தட்டில் ஊறும் ஸ்பாஞ்சைப் பார்த்தேன்.

“காத்து முதல்ல எதுக்குள்ள போகும்?” என்றாள், படிக்காத பிள்ளையைக் கேட்கிற மாதிரி.

“ஃபில்டர்.”

“அடுத்தது?”

அடுத்தது சென்சார். ஒரு சாண் தூரம்கூட இல்லை. நான் தொழில் படித்த லாரிகளில் சென்சாரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எண்ணெய் எங்கே தெறித்தாலும் எஞ்சின் குடித்துவிட்டுப் போகும். இந்த வண்டியிலோ, மச்சினன் கழுவியும் புதுசு போட்டும் சுத்தமாக மாட்டியதன் முகத்தில், கடைசி வேலையாக நானே எண்ணெயைப் பூசி அனுப்பியிருக்கிறேன். இலவசமாக.

“அப்ப அந்தப் பையன் எதையும் எடுக்கல” என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. “இப்ப அவன் என்ன வேலை பாக்குறான்னு தெரியுமா உங்களுக்கு?”

“எனக்கென்ன தெரியும்?”

“கல்லு சுமக்கிறான். என் வண்டியிலதான் தினம் வர்றான். அவன் ஏறினா, முன்னாடி வச்சிருக்கிற சில்லறையை எடுத்துப் பைக்குள்ள போட்டுக்குவேன். அவன் பாத்துக்கிட்டேதான் இருப்பான். ஒண்ணும் சொல்லமாட்டான். உங்க வாயை நம்பினேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்.”

சென்சாரைக் கழுவிக் காயவைத்தேன். ஸ்பாஞ்சைக் குப்பையில் எறிந்துவிட்டுக் காகித ஃபில்டர் போட்டேன். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினேன். லைட் அணைந்தது. அவள் காசு எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

“வண்டியை ஓட்டிப் பாக்க வேண்டாமா? ஏறுங்க. ஷிப்ட் விடுற நேரம்.”

அவள் எதற்குக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தேதான் ஏறினேன். மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது. அதற்கு அவள் ஒரு வார்த்தை பாராட்டவில்லை.

ஆலை வாசலில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. அதில் எது மச்சினன் என்று எனக்கு உடனே தெரியவில்லை. வலது கையில் துணி சுற்றியிருந்தவன் என்னைப் பார்த்ததும் பின்வாங்கினான். அவன்தான். முடி மாதிரி வயரைப் பற்றவைக்கிற கை அது.

இறங்கிப் போனேன். “அந்த சென்சார் விஷயம்டா. ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“தானா நடந்துச்சா? யாராவது கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வந்தாங்களா?”

“ஃபில்டர்லேர்ந்து எண்ணெய் போயிருக்கு.”

“யார் தோய்ச்ச எண்ணெய்?”

மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், “சட்டுனு பேசி முடிங்கப்பா, பசி உயிர் போகுது” என்றார்.

“நான் தோய்ச்சதுதான்” என்றேன்.

“அன்னைக்கு அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கையை ஓங்கிட்டீங்க.”

“சரி, விடு. நாளைக்குக் கடைக்கு வா. உங்கக்காவும்…”

“அக்காவை இழுக்காதீங்க. உங்க கடைக்கு நான் வரமாட்டேன். எனக்கு வேற இடம் கிடைக்கும், நீங்க அடைச்ச கதவைத் திறந்தா. ஏழு ஷெட்டுலயும் ஏறி இறங்கினீங்கல்ல? அதே மாதிரி ஏறி இறங்குங்க. நான் திருடலைன்னு சொல்லுங்க. எண்ணெய் பூசினது நீங்கதான்னும் சொல்லுங்க. அதைச் சொல்லாம இதை மட்டும் சொன்னா, மச்சினன்னு பரிஞ்சு பேசுறான்னு நினைப்பாங்க.”

“எனக்குத் தெருவுல ஒரு மரியாதை இருக்குடா.”

“எனக்கும் இருந்துச்சு.”

வண்டியில் ஓட்டுகிறவளைத் தவிர ஐந்து பேருக்குத்தான் இடம். நான் முன் சீட் கதவைத் திறந்தேன்.

“தம்பி, அது அவன் சீட்டு” என்றாள் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. “அவன் காசு கொடுத்து வர்றவன். நீங்க நடந்து வாங்க. வண்டி நல்லா ஓடுது, பாத்தாச்சு.”

“இடுப்பு வலிக்குதுக்கா. ஆறு கிலோமீட்டர்.”

“அவனுக்கும் வலிச்சிருக்கும்.”

மச்சினன் முன்னால் உட்கார்ந்தான். சில்லறைகள் அவன் முழங்காலுக்கு நேரே கிடந்தன. அக்கா தொடவில்லை. அவர்கள் கிளப்பிய தூசி முழுக்க என் வாயில். இரண்டு முறை ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, இருவரையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை முதல் ஷெட்டுக்குப் போனேன். பெயின்ட் அடிப்பவன். பாதி சொல்வதற்குள், “இருங்க இருங்க” என்று வேலையாட்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, முதலிலிருந்து சொல்லச் சொன்னான். சொன்னேன். சிரித்தார்கள். அடுத்தது ரேடியேட்டர்காரர். அவர் சிரிக்கவில்லை. “அப்ப என் தம்பி காருக்கும் இப்படித்தான் ஊத்தி அனுப்பினியா?” என்று சண்டைக்கு வந்தார். மூன்றாவது ஷெட் என் வாடிக்கையில் பாதியைப் பிடுங்கியவனுடையது. ஸ்கேனர் தெரிந்த ஆளுக்கு அவன்தான் அலைந்துகொண்டிருக்கிறான். வாசல் வரை போனேன். உள்ளே அவன் யாரிடமோ பெரிய குரலில் பேசிக்கொண்டிருந்தான். திரும்பிவிட்டேன்.

அது நடந்து இருபத்து மூன்று நாள். அக்காவின் வண்டியில் லைட் எரியவில்லை. மச்சினன் அதே வண்டியில் கல் சுமக்கப் போகிறான். தெருவில் இரண்டு ஷெட்டுக்கு அவன் நல்லவன், மற்ற ஐந்துக்கும் இன்னும் திருடன். அந்த ஐந்து ஷெட்டிலும் போய் அவன் திருடவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டியது நான் அவனுக்குப் பட்டிருக்கும் கடன். இன்னும் தீர்க்கவில்லை.