அடுத்த தாள்

காஸுசா கண்ணை மூடிக்கொண்டு தாளை விரலால் தடவினாள். தங்கை ரிட்சு கடையில் அப்படித்தான் பார்த்து வாங்குவாள்.

"இன்னும் என்னடி பண்றே?" கீழிருந்து அம்மா. "பெட்டியை மூடிடுவாங்க."

ரிட்சுவின் மார்க்கர் பேனாக்களைச் சவப்பெட்டியில் வைக்கக் கூடாது, ஆல்கஹால் மை தகனத்தில் வெடிக்கும் என்று இறுதிச்சடங்கு மண்டபத்துக்காரர் சொல்லியிருந்தார். தாள் வைக்கலாமாம்.

மேசையில் இரண்டு கட்டுகள். ஒன்று வழவழப்பானது, மை கீழே இறங்காது. வருடக்கணக்கில் ரிட்சு வேறெதையும் தொட்டதில்லை. "தாள் நல்லா குடிக்கணும்கா. ஆனா உன் வீட்டுக்காரர் மாதிரி குடிச்சிட்டு உளறக் கூடாது." மற்றது மெல்லியது. நோயில் படுத்த பிறகு அதைத்தான் கேட்டு வாங்கினாள்.

"இது ஊறுமேடி?" என்று அப்போது காஸுசா கேட்டிருந்தாள்.

"ஊறட்டும். அடுத்த தாளுக்கும் கொஞ்சம் போகட்டும்."

கடைசியாகக் கேட்டது அதுதான் என்று காஸுசா மெல்லியதை எடுத்தாள். மேல் தாளில் காஸுசாவின் மகள் யுஸு, ஏழு வயது, சிவப்புக் கோட்டு போட்டிருந்தாள். சிவப்பைத் திரும்பத் திரும்பப் பூசியிருந்தாள் ரிட்சு.

அம்மா படியேறி வந்துவிட்டாள். "உயிரோட இருக்கறவங்க படம் ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது. போறவ தனியாப் போக மாட்டா."

"தெரியும்மா." படத்தைக் கிழித்து இழுப்பறையில் வைத்து, தாள் கட்டை அப்படியே மூடினாள்.

மண்டபத்து வாசலில் யுஸு சானிடைசரை மூன்று முறை அழுத்திக்கொண்டாள். ஈரக் கையோடு கட்டை வாங்கிப் பிரித்தாள்.

"அம்மா, சித்தி என்னை இன்னொண்ணும் வரைஞ்சிருக்கா."

அடுத்த தாளில் கோட்டின் சிவப்பு இறங்கியிருந்தது. மேலே இரண்டு கண்கள், வாய் இல்லை. யுஸு அதன்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். காஸுசா பிடுங்கிக் கிழித்தாள். அதற்கடுத்ததில் சிவப்பு மட்டும். அதற்கும் அடுத்ததில் ஒரு புள்ளி. அவற்றையும் கிழித்துக் கைப்பையில் திணித்தாள்.

"சுத்தமா இருக்கா?" அம்மா கிசுகிசுத்தாள்.

காஸுசா மீதியை ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சுத்தம்."

தாள் கட்டை ரிட்சுவின் கால்மாட்டில் வைத்தாள். எல்லோரும் வெள்ளைப் பூக்களை அடுக்கினார்கள். யுஸு எக்கி நின்று தன் பூவை வைத்தாள். மூடி இறங்கியது.

தகனசாலைக்குப் போகும் காரில்தான் காஸுசா மகளின் கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. காய்ந்த மை ஆல்கஹால் பட்டால் மறுபடி கரையும். மேசைக் கறையை ரிட்சு அப்படித்தான் துடைப்பாள்.

"இந்தக் கையால சித்தியைத் தொட்டியா?"

"பூ வைக்கறப்போ சித்தி கையைப் பிடிச்சேன். சித்தி சட்டையிலயும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. பாட்டி திட்டுவாங்கன்னு சொல்லலை."

முன் இருக்கையில் அம்மா திரும்பவில்லை. காஸுசா எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அந்தச் சின்னக் கையைத் தன் கோட்டுப் பைக்குள் இழுத்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. ரிட்சுவை ஏற்றிக்கொண்டு முன்னால் போன வண்டி, திருப்பத்தில் வேகம் குறைந்து, இவர்கள் வரும்வரை நின்றது.