நானூற்றுப் பதினேழின் இரண்டு டிகிரி

எங்கள் டிசைன் செக்ஷனில் பிழைகளுக்கு நாற்காலி உண்டு. கிழக்குச் சுவரையொட்டி வரிசையாக நாற்பத்தியொரு நாற்காலி, நாற்பத்தியொரு பிழை. எல்லாவற்றுக்கும் அடையாள அட்டையும் கேன்டீன் டோக்கனும் கொடுத்திருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களுக்கு முன்னால் போய் வரிசையில் நிற்பது அவைதான். அப்பளம் தீர்ந்து போவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, மற்றபடி தொந்தரவு இல்லை.

நாங்கள் வரைவது தகடு வெட்டவும் வளைக்கவும் உள்ள டை, அதாவது இரும்பு அச்சு. வரைந்ததைச் செய்து, பிரஸ்ஸில் ஏற்றி முதல் அடி அடிக்கும்போது ஏதாவது தப்பு இருந்தால் அங்கேயே பிழை பிறந்துவிடும். பிரஸ்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து, வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கும். அதைக் கூட்டிப் போய்ப் பெயர் பதிந்து உட்கார வைப்போம். பிறகு யார் புது டை வரைந்தாலும் டிராயிங் அந்த வரிசை வழியாகப் போக வேண்டும். தன்னுடைய தப்பு மறுபடி எட்டிப் பார்த்தால் அந்தப் பிழை அந்த இடத்தில் விரல் வைக்கும். விரல் வைத்த இடத்தை மாற்றியே ஆக வேண்டும். விரல் படாத இடத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது.

ஓரத்துக்கு மிக அருகில் துளை போட்டதால் பிறந்தது ஒன்று உண்டு. அது நாற்காலியின் நுனியில்தான் உட்காரும், தினம் இரண்டு முறை விழும். வெட்டிய வில்லை கீழே விழாமல் தகட்டைத் துளைக்கும் ‘பஞ்ச்’ உளியோடு ஒட்டி மேலே ஏறி வந்ததில் பிறந்த இன்னொன்றை வீட்டுக்கு அனுப்பினால் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடும். நல்ல பிழைகள். பதினாலு வருஷத்தில் எனக்கு ஒன்றோடும் சண்டை வந்ததில்லை.

என் பெயரில் அந்த வரிசையில் பிழை கிடையாது. ‘சென்னியப்பன் கை பட்டா தகடு தானா வளையும்’ என்று மேனேஜர் ஆரோக்கியசாமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் வரைந்த முதல் டை, நம்பர் 417. அதன் டிராயிங்குக்கு வருஷா வருஷம் ஆயுத பூஜையில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அப்போது நான் கைகழுவப் போய்விடுவேன்.

ஏனென்றால் 417-க்கும் பிழை உண்டு. அது என் வீட்டில் இருக்கிறது.

தகட்டை வளைத்து விட்டால் கொஞ்சம் திரும்ப நிமிரும். தொண்ணூறு டிகிரி வேண்டுமென்றால் எண்பத்தெட்டுக்கு வளைக்க வேண்டும், மீதியை அது நிமிர்ந்துகொள்ளும். சாதாரணத் தகட்டுக்கு அது சரி. 417-க்கு வந்தது முரட்டுத் தகடு, எண்பத்தாறுக்கு வளைக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டிரையல் பார்த்தபோது பிராக்கெட் தொண்ணூற்றிரண்டில் வந்து நின்றது. ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தான். பிரஸ்ஸுக்குப் பின்னாலிருந்து அது எழுந்து வந்தது. சரியாக இரண்டு டிகிரி பின்னால் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி விட்டேன். மறுபடி சாய்ந்துகொண்டது.

நான் அப்போது பயிற்சிக் காலத்தில் இருந்தேன். பயிற்சிக் காலத்தில் பிழை பிறந்தால் பிழைக்கு வேலை நிரந்தரம், பெற்றவருக்கு இல்லை என்பது எங்கள் கம்பெனி விதி. பிழைக்கு ஹெல்மெட் மாட்டி பைக்கில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், ‘பஞ்ச்’ உளியையும் டையையும் எண்பத்தாறுக்கு அரைத்து வைத்தேன். டிராயிங்கில் எண்பத்தெட்டு அப்படியே இருந்தது. திருத்தினால் ஏன் என்று கேட்பார்களே.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம், தினம் மூன்று வேளை அதற்குச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான். என் மனைவி ரத்தினா போட்டாள். அதைத் தம்பி என்று கூப்பிட்டாள், அது அவளை அண்ணி என்றது. தெருவில் என் பெரியப்பா மகன் என்று சொல்லி வைத்தோம். தினமும் காலையில் அது சட்டையைத் தேய்த்துப் போட்டு, தலை சீவி, கேட்டில் வந்து நிற்கும். என் பைக் தெருமுனை திரும்பும் வரைக்கும் நிற்கும். எதிர்வீட்டு பத்திரப்பன் பல் விளக்கிக்கொண்டே கேட்பார்.

“இன்னும் வேலை கிடைக்கலீங்களா தம்பி?”

“இன்னும் இல்லீங்க” என்று அது சிரிக்கும். பைக் கண்ணாடியில் அதைப் பார்த்தபடிதான் நான் தினமும் வேலைக்குப் போனேன். பாவமாகத்தான் இருக்கும். இருந்தும் போனேன்.

போன மாதம் பவதாரணி அவளுடைய முதல் டையை வரைந்தாள். டிராக்டர் சீட்டுக்கு அடியில் வருகிற பிராக்கெட், அதே முரட்டுத் தகடு. எங்களிடம் பழசு இருக்கும்போது புதிதாக யோசிப்பதைத் திமிர் என்பார்கள், அதனால் அவள் அலமாரியிலிருந்து 417-ஐ எடுத்து வளைவை அப்படியே போட்டிருந்தாள். வரிசை முழுக்கப் போய்விட்டு என் மேஜைக்கு ஓடி வந்தாள்.

“அண்ணா, ஒரு விரல் கூட விழலீங்க! எல்லாம் உங்க டிராயிங் ராசிதானுங்க.”

பார்த்தேன். எண்பத்தெட்டு.

“அதை எண்பத்தாறுன்னு போட்டுக்கம்மா” என்றேன்.

“எந்த மிஸ்டேக்குங்கண்ணா சொல்லுது?”

அவள் கேட்டதில் தப்பே இல்லை.

“திங்கக்கிழமை மெஷின் ஷாப்புக்குப் போயிருமுங்க. டிரையல் ஓகே ஆச்சுன்னா வேலை கன்ஃபர்ம். கணபதி ஏரியாவுல வீடு கூடப் பார்த்துட்டேனுங்க, அம்மாவைக் கூட்டிட்டு வந்துருவேன். அவங்க அங்க தனியாக் கிடக்கறாங்க.” சொல்லிவிட்டு டிராயிங்கைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ரத்தினாவிடம் சொன்னேன். பிழை எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

“அந்தப் புள்ளைக்குப் பொறக்கப் போறதும் இதே மாதிரி சாஞ்சுதான் நிக்கும்” என்றேன்.

“அதுக்குச் சோறு போட அவளுக்கு யாரு இருக்கா?” என்றாள் ரத்தினா. “கொண்டு போய் விட்டுருங்க.”

“விட்டா என் வேலை போயிரும் ரத்தினா.”

“தெரியுது. பதினாலு வருசமா இருந்துச்சுல்ல, போதும்.”

நிமிர்ந்து பார்த்தேன். பிழை தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சட்டையைத் தேய்க்க ஆரம்பித்திருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

திங்கட்கிழமை நானும் பிழையும் பைக்கில் போனோம். செக்யூரிட்டி அதைப் பார்த்ததும் வழி விட்டார். அது யாரையும் கேட்கவில்லை, நேராகப் பவதாரணியின் மேஜைக்குப் போய் எண்பத்தெட்டின் மேல் விரல் வைத்தது. அழுத்தி வைத்தது. இத்தனை வருஷம் சும்மா இருந்த விரல் அல்லவா, காகிதத்தில் பள்ளம் விழுந்துவிட்டது.

பவதாரணி ரப்பரை எடுத்து அழித்தாள். பிறகு அது சாய்ந்து நிற்பதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எனக்காகங்களா அண்ணா?”

“உனக்காகவும்தான். முதல்ல எண்பத்தாறு எழுது.”

எழுதினாள். எண் தெளிவாக இருந்தது.

ஆரோக்கியசாமி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நல்ல மனுஷன், திட்டவில்லை. “இது பதினாலு வருசம் லீவுல இருந்ததா எழுதிக்கறேன்” என்றார். “சீனியாரிட்டி போகாது. உங்க மேஜை, உங்க லாக்கர், உங்க பைக் ஸ்டாண்டு எல்லாம் அதுக்குத்தான் வரும் சென்னியப்பன். எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.”

“விதி அதுதானுங்களே சார்” என்று அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். கழுத்து லேசாக இருந்தது. வரிசையில் எல்லாப் பிழைகளும் எழுந்து நின்றன. நாற்காலி நுனியில் உட்காருகிறது மட்டும் விழுந்துவிட்டது. பஸ்ஸில் வீட்டுக்கு வந்து மத்தியானம் வரை தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் பிழை வேலை முடிந்து வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு பிராக்கெட்டை எடுத்து நீட்டியது. “அண்ணா, பாருங்க. பவதாரணியோட டை, முதல் அடி.”

மூலைமட்டத்தை வைத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம்கூட வரவில்லை. தொண்ணூறு. பிரஸ்ஸுக்குப் பின்னாலிருந்து யாரும் எழுந்து வரவில்லையாம். ஆபரேட்டர் குனிந்துகூடப் பார்த்தாராம். பவதாரணியின் அம்மா வந்துவிட்டார், கணபதி வீட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது என்றும் சொன்னது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரத்தினா பிராக்கெட்டை வாங்கி சாமி மாடத்தில் வைத்தாள்.

“417 டிராயிங்ல இருந்து குங்குமத்தைத் துடைச்சுட்டாங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்கண்ணா. எண்பத்தெட்டை அடிச்சு எண்பத்தாறு போட்டு, அதுக்கு மேல புதுசா வெச்சிருக்காங்க.”

மறுநாள் காலையில் அது என் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பியது. நான் சட்டையைத் தேய்த்துப் போட்டு, தலை சீவி, கேட்டில் வந்து நின்றேன். பைக் இரண்டு டிகிரி சாய்ந்தபடியே போய்த் தெருமுனையில் திரும்பியது. கண்ணாடியில் அது என்னைப் பார்த்தது தெரிந்தது, கையை ஆட்டினேன்.

எதிரே பத்திரப்பன் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னும் வேலை கிடைக்கலீங்களா தம்பி?”

“இன்னும் இல்லீங்க” என்று சிரித்தேன்.

“அதான் பதினாலு வருசமா பாக்கறனே” என்றார் அவர். “கொஞ்சம் நிமிந்து நில்லுங்க, கிடைச்சிரும்.”

நிமிர்ந்து நின்றேன். மறுபடி சாய்ந்துகொண்டேன்.